படம் போட்ட டயரிகளும் பாதியில் நிற்கும் நாவல்களும்: சும்மா படிக்கிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா மகனுக்கென்று வாங்கிய படம் போட்ட டயரிகளை அவனுக்கு முன்பே நான் படித்து முடித்துவிட்டேன். அது வெளியே தெரிந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், சிலர் கிண்டலுக்கு. இரண்டு வகைக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

புத்தகங்களைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

ஒன்றும் இல்லை. நான் விமர்சகனும் இல்லை, ஆசிரியரும் இல்லை. படுக்கப் போகுமுன் பத்துப் பக்கம், எங்காவது காத்திருக்கும்போது ஐந்து பக்கம் என்று படிக்கிற ஆள். ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் திறந்து கிடக்கும், அதில் ஒன்று நிச்சயம் முடியாது.

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பெனாக் 1992-இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று ஒரு பட்டியல் போட்டார். முதலாவது, படிக்காமலே இருக்கும் உரிமை. பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமையும், முடிக்காமல் மூடிவைக்கும் உரிமையும் அதில் உண்டு. பத்தாவது, படித்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கும் உரிமை. முதல் ஒன்பதையும் நான் தாராளமாக அனுபவிக்கிறேன். பத்தாவதைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

படம் போட்ட டயரி என்கிறீர்களே, அது காமிக்ஸா, கதைப் புத்தகமா?

இரண்டுக்கும் நடுவில். காமிக்ஸில் கதை கட்டம் கட்டமாக நகரும், படத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. சாதாரணக் கதைப் புத்தகத்தில் படம் ஓர் அலங்காரம், எடுத்துவிட்டாலும் கதை புரியும். இந்த டயரிகளில் கோடு போட்ட நோட்டுப் பக்கத்தில் கையெழுத்து போன்ற எழுத்து ஓடும். நாலைந்து வரிக்கு ஒருமுறை, எழுதுகிற பிள்ளையே கிறுக்கியது போல ஒரு படம் வரும். வாக்கியம் பாதியில் நிற்கும், மீதியைப் படம் முடித்துவைக்கும். சிரிப்பு பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

இன்று இந்த வகையைப் பேச்சுக்கு எடுத்தாலே முதலில் வருவது ஜெஃப் கின்னியின் ‘டயரி ஆஃப் எ விம்பி கிட்’. கிரெக் ஹெஃப்லி என்ற பள்ளிப் பையன், அவனுடைய அப்பாவி நண்பன் ரௌலி, தொல்லை கொடுக்கும் அண்ணன், செல்லம் கொடுத்துக் கெட்ட தம்பி. கின்னி, செய்தித்தாள்களில் கார்ட்டூன் தொடர் வரைய ஆசைப்பட்டு இடம் கிடைக்காமல் போனவர். தன் கோடு ஒரு பள்ளிப் பையனின் கோட்டைத் தாண்டவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. சரி, அப்படியானால் ஒரு பள்ளிப் பையனே வரைந்ததாக இருக்கட்டும் என்று டயரியாக மாற்றிவிட்டார். 2004-இல் இணையத்தில் நாளுக்கொரு பக்கமாக வந்தது, 2007-இல் அச்சில் வந்தது. இதுவரை 25 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது. குறையையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்வது என்றால் இதுதான்.

இன்னொரு வேடிக்கை: கின்னி இதைப் பெரியவர்களுக்காகத்தான் எழுதத் தொடங்கினார், வளர்ந்தவர்கள் பள்ளி நாட்களை நினைத்துச் சிரிப்பதற்காக. பிள்ளைகளுக்கான தொடராக வரட்டும் என்று திருப்பியது பதிப்பாளர் தரப்பு. ஆகவே நான் இதைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதியவர் மனதில் முதலில் இருந்த வாசகன் நான்தான்!

இந்த வகை திடீரென்று முளைத்ததா?

இல்லை, நல்ல பழைய குடும்பம். 1888-89-இல் ‘பஞ்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் ஒரு குமாஸ்தாவின் கற்பனை டயரி தொடராக வந்தது. 1892-இல் ‘தி டயரி ஆஃப் எ நோபடி’ என்று புத்தகமானது. எழுதியவர்கள் ஜார்ஜ், வீடன் கிராஸ்மித் என்ற இரு சகோதரர்கள், புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் வீடன். பூட்டர் என்ற அந்தக் குமாஸ்தாவுக்குத் தான் பெரிய மனிதர் என்று நினைப்பு. புதிதாக வந்த சிவப்புப் பெயின்ட்டைக் கண்டதற்கெல்லாம் அடிப்பார். குளியல் தொட்டியையும் விடமாட்டார். பிறகு ஒருநாள் சுடுதண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது கையெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, ரத்தம் கொட்டுகிறது, செத்தோம் என்று அலறுவார்.

1982-இல் வந்த சூ டவுன்சென்டின் ஏட்ரியன் மோல் டயரியை அடுத்த படி எனலாம். பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன், தான் ஓர் அறிவுஜீவி என்று நம்புகிறவன். பக்கத்து வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் ஏன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்பது அவனுக்குப் புரியாது, நமக்கு நாலாவது வரியிலேயே புரிந்துவிடும். அங்கே வேலை முழுக்கச் சொற்களுடையது. கின்னிக்கு அதோடு படமும் கிடைத்தது.

பூட்டர், ‘பிரபலம் இல்லை என்பதற்காக என் டயரி சுவாரஸ்யமாக இருக்கக் கூடாதா’ என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறார். கிரெக், பின்னாளில் பிரபலமானதும் ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, டயரியை நீட்டிவிடலாம் என்று தொடங்குகிறான். நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது. தன் பெருமையைத் தானே அளக்கும் ஆள் மட்டும் மாறவில்லை.

சரி, அதில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஒரு காட்சியைச் சொல்கிறேன், முதல் புத்தகத்தில் வருவது. கிரெக்கும் ரௌலியும் சின்னப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிப்போகும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருநாள் கிரெக் ஒரு குச்சியில் புழுவைத் தொங்கவிட்டு அந்தக் குழந்தைகளைத் துரத்துகிறான். அன்று அவன் போட்டிருந்தது ரௌலியின் கோட்டு. பார்த்தவர் ரௌலி என்று நினைத்துப் புகார் கொடுக்க, தண்டனை ரௌலிக்குப் போகிறது. கிரெக் வாயைத் திறக்கவில்லை. மகனுக்கு மனதில் ஏதோ உறுத்துகிறது என்று புரிந்துகொண்ட அம்மா, விவரம் தெரியாமலே, ‘சரியானதைச் செய்’ என்கிறார். கிரெக் ஆற அமர யோசித்து ஒரு முடிவுக்கு வருகிறான்: ரௌலியே பழியைச் சுமக்கட்டும், அதுதான் எல்லோருக்கும் சரியானது. சரியானதைச் செய்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். பூரித்துப்போன அம்மா அவனை ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போகிறார்.

இதில் ஒரு வரிகூட ‘கிரெக் செய்தது தப்பு’ என்று சொல்லவில்லை. சொல்ல ஆளே இல்லை, ஏனென்றால் பேனா அவன் கையில் இருக்கிறது. தப்பு என்று கண்டுபிடிப்பது படிக்கிற பிள்ளையின் வேலை. புத்தகம் முழுக்க எழுத்து தன்னை நியாயவான் என்று சாதிக்கும், பக்கத்தில் இருக்கும் படத்தில் சுற்றி நிற்பவர்களின் முகம் வேறு சாட்சி சொல்லும். இதை ஒன்பது வயதில் பிடித்துக்கொள்கிற பிள்ளை, நாளைக்கு ஒரு பெரிய நாவலில் கதை சொல்லி நம்மை ஏமாற்றும்போது திடுக்கிடாது. கதைசொல்லியைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சின்ன வயதில் சொல்லித்தரவில்லை. அச்சில் இருப்பதெல்லாம் நிஜம் என்று கல்லூரி வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தகங்களுக்காக நான் வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மற்றதெல்லாம் சிரிப்பு.

அவன் பொய் சொல்கிறான், சோம்பேறி, நண்பனை ஏய்க்கிறான். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

கிரெக் போடும் திட்டம் எதுவும் உருப்படுவதில்லை. புழு விஷயத்திலும் கடைசியில் உண்மை வெளியே வந்து, கிரெக்கின் பொறுப்பு பறிபோகிறது, ரௌலிக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. ஆனால் அவன் திருந்துவதில்லை. பெரியவர்களுக்கு உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். கதை முடிவில் பிள்ளை கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தே பழகிவிட்டோம். பஞ்சதந்திரத்து நரி மட்டும் என்ன, கடைசிப் பக்கத்தில் திருந்தியா விடுகிறது? அதைப் படித்து யாரும் நரியாகவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்த நக்கல் பிடிபடாது, கிரெக் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அந்த வயதில் கூட உட்கார்ந்து படித்து, ‘இவன் சொல்றது சரியா?’ என்று கேட்டால் போதும். விளக்கவுரை வேண்டாம்.

இதெல்லாம் ‘படிப்பு’ கணக்கில் வருமா?

பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்துவைத்துப் படித்தவர்களே இதைக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வரும். விம்பி கிட் முதல் புத்தகத்தில் ஏறக்குறைய 20,000 சொற்கள் இருக்கின்றன. படம் இருப்பதால் எழுத்து குறைவு என்பது பார்வைக்குத் தோன்றுகிற மயக்கம். வாக்கியங்களும் குழந்தைத்தனமானவை அல்ல, கிண்டல் நிறைந்த பேச்சு நடை. படம் செய்கிற உதவி வேறு: பக்கம் மலைப்பாகத் தெரியாது. படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பது பக்கம் திருப்பிவிட்டோம் என்கிற தெம்பு வரும். அந்தத் தெம்பு சாதாரண விஷயம் இல்லை.

அங்கீகாரம் வேண்டும் என்பவர்களுக்கு: அமெரிக்காவில் சிறார் இலக்கியத்துக்கென்று 1922 முதல் கொடுக்கப்படும் நியூபெரி பதக்கத்தை 2020-இல் ஒரு சித்திர நாவல் வாங்கியது, ஜெரி கிராஃப்டின் ‘நியூ கிட்’. அந்தப் பதக்கம் ஒரு சித்திர நாவலுக்குப் போனது அதுவே முதல் முறை. இன்னொரு பக்கம், டேவ் பில்கியின் ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’ தொடர் 2012, 2013 இரண்டு ஆண்டும் அமெரிக்க நூலகங்களில் அதிக ஆட்சேபம் கிளம்பிய புத்தகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பில்கி கவனக்குறைவும் எழுத்துத் தடுமாற்றமும் உள்ள பிள்ளையாக வளர்ந்தவர், சேட்டை தாங்காமல் வகுப்புக்கு வெளியே நடைபாதையில் உட்காரவைக்கப்பட்டவர். அந்த நடைபாதை மேசையில்தான் அந்தக் கதாபாத்திரத்தை வரைந்தார்.

என் மகள் இதைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

ஒன்றும் செய்யாதீர்கள். குறைந்தது ஓராண்டுக்கு.

அதற்குப் பிறகும் கவலையாக இருந்தால், எதிர்த்திசைக்கு இழுக்காமல் பக்கத்தில் இருக்கும் கிளைக்குத் தாவ விடுங்கள். பள்ளி வாழ்க்கைதான் பிடிக்கிறது என்றால் முழுச் சித்திர நாவல்கள் இருக்கின்றன. ரெய்னா டெல்கெமையரின் ‘ஸ்மைல்’, கீழே விழுந்து முன்பற்களில் அடிபட்ட ஒரு சிறுமியின் பல ஆண்டு பல் வைத்தியக் கதை, எழுதியவரின் சொந்த அனுபவம். பல் மருத்துவரிடம் உட்கார்ந்த எவருக்கும் பிடிக்கும். படத்தோடு மொத்தமான புத்தகம் வேண்டும் என்றால் பிரையன் செல்ஸ்னிக்கின் ‘தி இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ கேப்ரே’. 500 பக்கங்களுக்கு மேல் ஓடும், அதில் பாதிக்கு மேல் பென்சில் சித்திரங்கள். கதை கொஞ்ச தூரம் எழுத்தில் போகும், பிறகு சொல்லே இல்லாமல் பல பக்கங்கள் படத்தில் ஓடும், சினிமா பார்ப்பது போல. அமெரிக்காவில் சிறார் படப் புத்தகங்களுக்குக் கொடுக்கப்படும் கால்டிகாட் பதக்கத்தை 2008-இல் பெற்றது. அவ்வளவு தடியான புத்தகத்தைத் தானே முடித்தேன் என்று பிள்ளை தோளை நிமிர்த்திக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

‘அதைப் படிச்சா இதை வாங்கித் தரேன்’ என்று பேரம் பேசினால் மட்டும், படிப்பது வேலையாகிவிடும். வேலை என்று ஆனபின் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், தப்பிக்க வழி தெரியும்.

விம்பி கிட், டார்க் டயரீஸ், டாம் கேட்ஸ்: எதில் தொடங்கலாம்?

என் ஓட்டு லிஸ் பிச்சனின் டாம் கேட்ஸுக்கு. 2011-இல் தொடங்கிய தொடர். டாம் எழுதுவது பள்ளி நோட்டில், அதனால் நடுநடுவே வாத்தியார் குறிப்பு எழுதுகிறார். கிரெக்கின் டயரியில் ஒரே குரல், இங்கே எதிர்க்குரலும் அதே பக்கத்தில் இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாததற்கு டாம் ஜோடிக்கும் சாக்குகளும், அதற்கு வாத்தியார் போடும் ஒற்றை வரியும் எனக்கு மிகவும் பிடித்தவை. சொற்களே படமாக வளைந்து நெளிந்து ஓடுவதால் பக்கம் எப்போதும் கலகலப்பாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு அதுவே இரைச்சலாகவும் படலாம்.

ரேச்சல் ரெனே ரசலின் ‘டார்க் டயரீஸ்’ 2009-இல் தொடங்கியது. எழுதியவர் வழக்கறிஞராக இருந்தவர், படங்களில் அவருடைய மகளின் கையும் உண்டு. நிக்கி என்ற பெண் பிள்ளை போன் கேட்க, அம்மா டயரி கொடுக்கிறாள். அங்கே தொடங்குகிறது. எனக்கு அதன் கூச்சலும் ஆச்சரியக்குறிகளும் இருபது பக்கத்தில் தலைவலி கொடுத்தன. ஆனால் அது எனக்காக எழுதப்பட்டதல்ல. பதினொரு வயதுப் பெண்கள் அதை அடித்துப் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், என் தலைவலிக்கு அங்கே மதிப்பில்லை.

விம்பி கிட் தொடரில் 20 புத்தகம் வந்துவிட்டதாமே, சலிக்கவில்லையா?

சலித்தது. 2025-இல் இருபதாவது வந்தது. கிரெக் இன்னும் அதே பள்ளியில், அதே மயிர் மூன்று இழையோடு இருக்கிறான். முதல் மூன்று நான்கு புத்தகங்களில் ஓர் ஆண்டு எப்படி நகர்கிறதோ அப்படிக் கதை நகரும். பிந்தையவற்றில் ஒரு பொருள் எடுத்துக்கொண்டு, பயணம், வீடு கட்டுவது, விளையாட்டு என்று அதைச் சுற்றி நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்திருக்கிறார்கள். துணுக்கு நன்றாகவே இருக்கிறது. கோத்த நூல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை, எது கையில் கிடைக்கிறதோ அது.

கிண்டிலில் படிக்கலாமா? ஒலிப்புத்தகம்?

சின்னத் திரையில் வேண்டாம், படத்துக்குள் இருக்கும் எழுத்து எறும்பு போலத் தெரியும். டேப்லெட் பரவாயில்லை. ஒலிப்புத்தகத்தில் படம் போய்விடுகிறது. படம்தான் கிரெக்கின் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. சாட்சி இல்லாத வழக்கில் கிரெக் ஜெயித்துவிடுவான்.

மொழிபெயர்ப்பில் இந்த நகைச்சுவை நிற்குமா?

60-க்கும் மேற்பட்ட மொழிகளில் நிற்கிறது. 2015-இல் லத்தீனில்கூட வந்தது, வத்திக்கானில் லத்தீன் கடிதங்கள் எழுதும் பணியில் இருந்த ஒரு பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு. சீசர் மொழியில் கிரெக் புலம்புவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஆனால் வேலை லேசானது அல்ல. சாதாரண நாவலில் வாக்கியத்தை மாற்றினால் முடிந்தது. இங்கே படத்துக்குள் இருக்கும் சுவரொட்டி, சட்டையில் எழுதியிருப்பது, பேச்சுக்குமிழி எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். நம் மொழியில் இன்னொரு சங்கடம், சொற்களின் நீளம். ஆங்கிலத்தில் இரண்டெழுத்தில் ‘நோ’ என்று கத்தும் குமிழிக்குள் ‘மாட்டேன்!’ என்பதை அடைக்க வேண்டும். ‘போயிட்டிருக்கேன்’ வந்தால் குமிழி வெடித்துவிடும். அதற்கும் மேலே, பையன் எழுத்து நடையில் எழுதினால் செய்தி வாசிப்பது போல இருக்கும், பேச்சு நடையில் எழுதினால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி வரும். டயரி என்பது ஒருவன் தனக்குத்தானே பேசுவது. தனக்குத்தானே எவனும் செந்தமிழில் பேசமாட்டான்.

ஆன் ஃபிராங்க் எழுதியதும் டயரிதானே. அதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பீர்களா?

மாட்டேன். அது வாழ்ந்தவள் எழுதியது, இவை எழுத்தாளர்கள் கட்டியவை. ஆனாலும் ஒரு இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன.

1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஆனுக்கு அந்த நோட்டு கிடைத்தது. 1944 மார்ச்சில், நாடுகடந்த டச்சு அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில், போர்க்காலக் கடிதங்களையும் டயரிகளையும் பத்திரப்படுத்துங்கள், பிறகு வெளியிடலாம் என்று பேசினார். அதைக் கேட்ட ஆன், தான் எழுதியவற்றை எடுத்து, வெட்டி, சேர்த்து, திருத்தி, வெளியிடும் எண்ணத்தோடு மறுபடி எழுதத் தொடங்கினாள். ஒளிந்து வாழ்ந்த அவள் குடும்பம் ஆகஸ்ட் 4-இல் நாஜிகளிடம் பிடிபட்டது. புத்தகம் 1947-இல் வந்தது. டயரி என்றால் மனதில் பட்டதை அப்படியே கொட்டியது என்று நாம் நினைக்கிறோம். பதினைந்து வயதுப் பெண் ஓர் எழுத்தாளராக உட்கார்ந்து, வாசகரை மனதில் வைத்துச் செதுக்கிய பக்கங்கள் அவை. அது தெரிந்தபின் எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை கூடியது.

2017-இல் ஆரி ஃபோல்மன் எழுத, டேவிட் பொலான்ஸ்கி வரைய, அது சித்திர வடிவிலும் வந்தது. மூலத்தைப் படித்துவிட்டு அதைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் ஆனின் குரலுக்கு முன்னால் வேறொருவரின் படம் வந்து நின்றுகொள்ளும்.

நம்மிடமும் ஒரு பெரிய டயரி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது. படம் கிடையாது, ஆனால் வம்பு தாராளமாக உண்டு.

பெரியவர்களுக்கான இப்போதைய புத்தகங்களில் உங்களைப் போன்றவர்கள் முடிக்கக்கூடியவை எவை?

2024-இல் புக்கர் பரிசு வாங்கிய சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ 136 பக்கம்தான். அதைப் பார்த்துத்தான் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள். கதை என்று எதுவும் நடக்காது. தினம் பத்துப் பக்கம் படித்தேன், ஒரு சுற்றுக்கு ஒரு இரவு. வேகமாகப் படித்தவர்கள்தான் போரடிக்கிறது என்கிறார்கள்.

2025 புக்கர், டேவிட் சலாயின் ‘ஃபிளெஷ்’. இஷ்ட்வான் என்ற ஹங்கேரிக்காரனின் வாழ்க்கை. அவன் பெரும்பாலும் ‘ஓகே’ என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைக் கடந்துவிடுகிறான். மனதில் என்ன ஓடுகிறது என்று அவனும் சொல்லமாட்டான், ஆசிரியரும் சொல்லமாட்டார். கிரெக் அளவுக்கு மீறிப் பேசி மறைக்கிறான், இவன் பேசாமல் மறைக்கிறான். விம்பி கிட் படித்த பழக்கத்தில் இதைப் படித்தேன் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அதற்குப்பிறகு அவர் என்னிடம் இலக்கியம் பேசுவதில்லை.

பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதி தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் தந்த ‘ஹார்ட் லேம்ப்’ 2025-இல், மொழிபெயர்ப்பு நூல்களுக்கான பன்னாட்டு புக்கர் வாங்கியது. ஒரு சிறுகதைத் தொகுப்பு அதை வாங்குவது அதுவே முதல் முறை. பன்னிரண்டு கதைகள், விட்டு விட்டுப் படிப்பவனுக்கு அதுவே வசதி. பரிசுத்தொகை 50,000 பவுண்டு, எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. மற்ற பரிசுக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

காபிக்கடை, பூனை, நூலகம் என்று அட்டை போட்ட ஜப்பானியக் கதைகள்?

தொஷிகாசு கவகுச்சியின் காபிக்கடை நாவல்தான் அந்த அலையில் பலரும் முதலில் எடுத்தது. முதலில் மேடை நாடகம், 2015-இல் ஜப்பானில் நாவல், 2019-இல் ஆங்கிலம். ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம், எதையும் மாற்ற முடியாது, காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். யோசனை அழகு. ஒன்று படித்தேன், மனசு இளகியது. இரண்டாவதைப் படித்தபோது எங்கே இளக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

புத்தகத்தைப் பாதியில் விடுவது குற்ற உணர்வாக இல்லையா?

முன்பு இருந்தது. நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொன்னார்: ஐம்பது பக்கம் வரை பார், பிடிக்காவிட்டால் விடு. ஐம்பது வயது தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணளவு பக்கம் படித்தால் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தில் மூடிவிடலாம். வயதாவதில் நான் கண்ட ஒரே லாபம்.

பிள்ளையை டயரி எழுத வைப்பது எப்படி?

கோடில்லாத நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டு விலகிப் போங்கள். தேதி போடு, தினமும் எழுது, எழுத்துப்பிழை பார் என்று சொன்னால் அன்றோடு முடிந்தது. படம் கோணலாக இருக்கட்டும், வட்டம் ஒரு தலை, குச்சி நாலு கை கால். கின்னி அதை வைத்துத்தான் இருபது புத்தகம் போட்டார்.

எழுதியதை எடுத்துப் படிக்காதீர்கள். அக்கா மகன் எழுதியதை ஒருமுறை நான் படித்தேன். என்னைப் பற்றி இருந்தது, வயிறு சற்றுப் பெரிதாகப் போட்டிருந்தான். கேட்கவும் முடியவில்லை.

கடைசியாக, இப்போது கையில் என்ன புத்தகம்?

ரௌலி எழுதிய டயரி, 2019-இல் வந்தது. அக்கா மகன் கொடுத்தான். கின்னி இதில் பேனாவை நண்பன் கையில் கொடுத்திருக்கிறார். ரௌலி டயரி எழுதத் தொடங்குகிறான், கிரெக்குக்குப் பொறுக்கவில்லை, ‘என் வாழ்க்கை வரலாற்றை எழுது’ என்று அவனைத் திருப்பிவிடுகிறான். நண்பனை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று ரௌலி உண்மையாகவே முயல்கிறான். முயல முயல கிரெக்கின் வண்டவாளம் ஏறிக்கொண்டே போகிறது.

பாதி வரை வந்திருக்கிறேன். பையன் நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: ‘மாமா, ரௌலி நல்லவன்னு ரௌலியேதானே எழுதியிருக்கான்?’